என் பேரில் ஒரு விருந்து

நான் பி.ஏ. பாஸானதற்கு எங்கள் வீட்டில் ஹோட்டல் விருந்து ஏற்பாடு செய்தார்கள். இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குக் கேட்பீர்கள். அந்த நாளில் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்களைப் போன்ற குடும்பத்துப் பெண்கள் ஹோட்டல் வாசற்படியை மிதித்ததில்லை. ஆண்பிள்ளைகள் மட்டும் போய்க் காபி குடித்துவிட்டு வந்து வீட்டுக் காபியைக் குறை சொல்வார்கள். அதிலும் நான் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். புருஷன் முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை. அவர் போனதன் பலன் மட்டும் தினமும் என் இலையில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, முருங்கைக்காய் கூடாது. ராத்திரியில் சாதம் கூடாது. ஏகாதசியன்று எதுவுமே கூடாது. மற்றவர்களுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. அப்பா திவான் கச்சேரி உத்தியோகத்தில் இருந்தவரை வேலையைச் சொல்லி ஏகாதசியை விட்டார், ரிடையரான பிறகு பித்தத்தைச் சொல்லி விட்டார். அண்ணாவுக்குப் பசி தாங்காது. ஆனால் மறுநாள் துவாதசிக்கு நான் இருட்டோடு எழுந்து அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் பண்ணிவைத்தால், அத்தனை பேரும் உட்கார்ந்து ஒரு வெட்டு வெட்டுவார்கள். உபவாசம் எனக்கு, பாரணை எல்லாருக்கும்!

சமையல் முழுக்க என் தலையில்தான். மடியாக இருக்கிறவள் கைச் சமையல்தான் அப்பாவுக்கு இறங்கும். சமைத்து, எல்லாருக்கும் பரிமாறி, எச்சில் இடத்தைத் துடைத்து, கடைசியில் இருப்பதை நானே போட்டுக்கொண்டு விழுங்கிவிட்டுக் காலேஜுக்கு ஓடுவேன். அப்பாவுக்குத் தான் பெரிய சீர்திருத்தக்காரர் என்று நினைப்பு. என் தலைமுடியை எடுக்கவில்லை, படிக்கவைத்தார். உண்மைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே அதைச் சொல்லிவிடுவதால், நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

ஹோட்டல் என்று பேச்சு எழுந்ததும் எனக்குள் ஓர் ஆசை புகுந்துகொண்டது. நான் உட்கார்ந்திருக்க வேண்டும், இன்னொருவர் எனக்குப் பரிமாற வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் போடட்டுமா?’ என்று கேட்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாஸானதைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

எந்த ஹோட்டல் என்று பார்க்கும் பொறுப்பை அண்ணா ஏற்றுக்கொண்டான். முதலில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கம் இருந்த இங்கிலீஷ் ஹோட்டல். வெள்ளை விரிப்பு, பேண்டு வாத்தியம், ஐஸ்க்ரீம் எல்லாம் உண்டு.

“அங்கே ஒரே அடுப்பிலே முட்டையும் மாமிசமும் வேகறது. இவளை அங்கே அழைச்சுண்டு போறதாவது!” என்றான்.

“அடுப்பு வரைக்கும் போய்ப் பார்த்தேளா?” என்று மன்னி கேட்டாள். அண்ணா காதில் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

அடுத்தது சிக்பேட்டையில் ஓர் உடுப்பி ஹோட்டல். அங்கே சாம்பாரில் வெங்காயம். கடைசியில் புதிதாக ஒரு ஹோட்டல் அகப்பட்டது. மாடியில் குடும்பத்தோடு உட்காரத் தனி அறை, பளிங்கு மேஜை, தலைக்குமேல் மின்விசிறி, வெள்ளித் தட்டில் நறுக்கிப் போட்ட வாழையிலை. பெரிய உத்தியோகஸ்தர்கள் சம்சாரத்தோடு வருகிற இடம். அண்ணா மானேஜரை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு வந்தான். வெங்காயம் இல்லாமல் தனியாகப் பண்ணித் தருவார்களாம். சமையல்காரர் ஸ்நானம் பண்ணிவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவாராம். ஆனால் தண்ணீர் மட்டும் குழாய்த் தண்ணீர். குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறதே, எனக்கு ஆகுமோ? அதே தண்ணீரை மற்றவர்கள் குடிக்கும்போது அந்தத் தோல் எங்கே போய்விடுமோ, எனக்குத் தெரியாது.

வீட்டில் நாள் கணக்காக இதே பேச்சு. “இவளுக்கு அது ஆகாது”, “இவளுக்கு இது ஒத்துக்காது.” எல்லாம் என் மேலுள்ள கரிசனம்தான்! நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன சாப்பிட வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

ஒருநாள் அண்ணா பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தான்.

“வழி கிடைச்சுடுத்து! வர ஞாயித்துக்கிழமை ஏகாதசி. அன்னிக்கு மத்தியானம் வெச்சுண்டா, இவளுக்கு என்ன சாப்பாடுங்கற பேச்சே இல்லையே!”

“பேஷ்!” என்றார் அப்பா.

“உனக்கும் ஒருநாள் அடுப்படியிலேர்ந்து விடுதலை” என்றாள் மன்னி, ஆறுதலாக.

“அப்போ நான் எதுக்கு வரணும்?” என்று கேட்டேன்.

“நன்னா கேட்டே போ! உனக்காகத்தானே விருந்தே!” என்று அண்ணா சிரித்தான். யாரும் பொல்லாத மனசோடு சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். அம்மா மட்டும் முறத்திலிருந்து தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மறுபடி அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் போனோம். என்னை மேஜையின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். நான்கு பேர் முன்னால் தட்டும் இலையும் வந்தன. என் முன்னால் பளிங்கு மட்டும் இருந்தது. பரிமாறுகிறவர் என்னைக் காட்டி, இந்த அம்மாவுக்கு இலை வேண்டாமா என்று கன்னடத்தில் கேட்டார். அவளுக்கு உபவாசம் என்று அண்ணா பதில் சொன்னான். ஹோளிகே என்கிற போளி வந்தது, நெய் வந்தது, கோசம்பரி, சித்ரான்னம், பாதாம் கீர். நெய் வாசனையில் என் வாய் ஊறியது, எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது.

சாப்பாடு பாதியில் மானேஜர் வந்து, எல்லாம் திருப்தியா என்று விசாரித்தார். அண்ணா என்னைக் காட்டி, “என் தங்கை. பி.ஏ. பாஸ் பண்ணியிருக்கா. இவ்வளவு படிச்சும் ஏகாதசியை விட்டதில்லை பாருங்கோ!” என்றான். வாய் நிறைய ஹோளிகே. மானேஜர் அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கி அவனுக்கு வாழ்த்துச் சொன்னார். அப்பா பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு மோர்க்குழம்பைப் பிசைந்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “நனகூ எலெ ஹாக்கி” என்றேன். எனக்கும் இலை போடுங்கள் என்று கன்னடத்தில் கேட்டது அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது. பிசைந்த கை அப்படியே நின்றது.

“என்ன விளையாட்டு இது?” என்றான் அண்ணா.

“விளையாட்டு இல்லே. பசிக்கறது” என்றேன்.

அப்பா எழுந்து கையலம்பப் போனார். அண்ணா எழுந்தான், மன்னி எழுந்தாள். அம்மா கொஞ்சம் தயங்கினாள். “அம்மா, நீ உட்காரு” என்றேன். அவள் அப்பா போன பக்கம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பாவம், பரிமாறுகிறவர் விழித்தார். போடுங்கள் என்று மறுபடி சொன்னேன். சாதத்திலிருந்து கீர் வரைக்கும் ஒன்று விடாமல் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை போட அவர் வரவில்லை, கதவோரமாக நின்றுவிட்டார். நான்கு பாதி இலைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில் ருசி இருந்ததா என்றால், இல்லை. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை குளித்து, மடிப்புடவை உடுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மன்னி ஈரத்தலையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் அவள் கண் சிவந்திருந்தது.

“நீ உள்ளே வரவேண்டாமாம். ஏகாதசியிலே ஹோட்டல் சோறு தின்ன கையாலே சமையல் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதே ஹோட்டல் சோற்றில்தான் அவர் கையும் இருந்தது. அதை யார் கேட்பது?

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா வாசல் ரேழியில் எனக்கு ஓர் இலை போட்டாள். உட்கார்ந்தேன். கரண்டி இலையில் படாமல், கை என் மேலும் படாமல் எட்ட நின்று உயரத்திலிருந்து சாதத்தைப் போட்டாள். குழம்பையும் அப்படியே விட்டாள். என் புடவையில் தெறித்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர் எனக்குப் பரிமாறியது அன்றைக்குத்தான்.

“போதுமா?” என்றாள் அம்மா.

“போதாது. இன்னும் போடு” என்றேன்.