சாமி போட்ட சட்டை

என் கணவர் ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்று என் சட்டையையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "வீட்லயே பிளாக் இருக்கும்போது எதுக்குப் புதுசா ஆர்டர் பண்ணணும்?" என்றார்.

அது வெறும் கறுப்புச் சட்டை இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நியூஜெர்சி எடிசனில் தனியாக இருந்தபோது மன்ஹாட்டனுக்கு ரயிலேறிப் போய், இங்கிலாந்து கோதிக் ராக் குழு ஒன்றின் கச்சேரியில் வாங்கியது. மார்பில் சவப்பெட்டியும் வௌவாலும். எக்ஸ்எல் அளவுதான் மிச்சமிருந்தது; அதுவே வினையாகிவிட்டது.

ஹாஸ்டலில் தேய்ந்த கேசட்டில் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்தக் குழுவின்மேல் பைத்தியம். கிட்டார் முனகும், பாஸ் கிட்டார் நெஞ்சில் இடிக்கும், பாடகன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலச் சாவைப் பற்றிப் பாடுவான். பொட்டு வை, சிரி, நல்ல நாளில் கறுப்புக் கட்டாதே என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உம்மென்று இருந்தால் என்ன என்று கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். இன்று இங்கே டெக்சாஸில், டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோ மாலில், என் மகளும் அவள் தோழிகளும் நகத்தில் கறுப்பு பூசித் திரிவது அந்தக் குழு போட்ட விதை. அது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. எனக்கு அதிலும் எரிச்சல்தான்.

அந்தக் குழு கடைசிச் சுற்றுப்பயணமாக டாலஸுக்கு வந்தது. டிக்கெட் வாங்கியிருந்தேன். அந்தச் சட்டையோடு போய் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. என் கணவரோ கச்சேரி நடக்கும் அதே சனிக்கிழமை மாலை வீட்டில் பஜனை வைத்தார்.

விரதக் காலத்தில் கணவரையும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"சாமி, அந்தச் சட்டைய மட்டும் குடுத்துடுங்க."

"பஜனை அன்னிக்கு எங்க போற? வர்றவங்களுக்கு யாரு சமைப்பா?"

மதியமே எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்தேன். அப்போதும் அவர் கழற்றவில்லை. வௌவாலை மறைக்க உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தார். பஜனை தொடங்கும் நேரத்தில், பலமுறை மலைக்குப் போய்வந்த குருசாமி கழுத்தோரம் துருத்திய லேபிளைப் பார்த்துவிட்டார்.

"சாமி, சட்டையத் தப்பாப் போட்டிருக்கீங்க. திருப்பிப் போடுங்க."

"பரவால்ல சாமி."

"பூஜைல அப்படி நிக்கக் கூடாது சாமி."

திருப்பிப் போட்டார். ஐயப்பன் படத்துக்கு எதிரே சவப்பெட்டி வந்து நின்றது. சரண கோஷம் பாதியில் நின்றது. என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினாள்.

"என்ன சாமி இது?"

"வைஃபோடது" என்றார், காட்டிக்கொடுப்பதுபோல. பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு பொருளை என்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

கையை நீட்டினேன். அத்தனை பேர் முன்னால் கழற்றிக் கொடுத்தார். சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

சட்டையில் அவர் வியர்வையும் சந்தனமும் நாறின. கோபத்தில் ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டேன். ஆனாலும் முதல் பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். பாடகனுக்குத் தலை நரைத்துக் குரல் கிழிந்திருந்தது. பாஸ் மட்டும் பழையபடி நெஞ்சில் இடித்தது. வெட்கமில்லாமல் அழுதேன். அப்போது ஃபோன் அதிர்ந்தது: "வரும்போது பால் வாங்கிட்டு வா."

"நீங்களே வாங்கிக்கோங்க சாமி" என்று அனுப்பிவிட்டு ஃபோனை அணைத்தேன்.

மாலையைக் கழற்றிய பிறகும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். மரியாதை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு மட்டும் தெரியும்.