விராலுக்குப் போட்ட தீனி

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு மீன் பண்ணையில் எனக்கு வேலை. முட்டை பொரிந்ததிலிருந்து தவிடும் பிண்ணாக்கும் போட்டு, விரல் நீளத்துக்கு வளர்த்த கெண்டைக் குஞ்சுகளைத் தகர டின்களில் முசிறிப் பக்கத்து ஏரி ஒன்றுக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். குஞ்சுகளுக்கு மூச்சு முட்டக்கூடாதென்று வழி நெடுகக் கையால் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தேன்.

"விராலையெல்லாம் பிடிச்சாச்சுங்களா? இருந்தா குஞ்சை முழுங்கிடும்" என்று ஊர்த் தலைவரைக் கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்லீங்க. தைரியமா விடுங்க."

ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டின்னில் கலந்து, பழக்கித்தான் விட்டேன்.

ஆறு மாதம் கழித்து வலை போட்டுப் பார்த்தால் ஒரு கெண்டைகூட இல்லை. தலைவர் வீட்டில் எனக்கு விருந்து வேறு. இலையில் விரால் குழம்பு. மனுஷன் கூசாமல் சொன்னார்:

"இந்த வருஷம் விரால் நல்லாக் கொழுத்திருக்கு, சாப்பிடுங்க சார். அடுத்த தடவை ரெண்டு டின் சேர்த்துக் கொண்டாங்க."