அரைநாள் வேலையும் நாலு முடிச்சும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்த பிள்ளைகள் ஒன்பது. பெற்றது ஐந்து, தங்கை கண்மூடியபின் என்னிடம் வந்தது நான்கு. ஒன்பதும் உருப்பட்டன. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

மகளும் பேத்தியும் ஏற்காட்டுப் பக்கம் வாழவந்தியில் என்னோடு இருக்கிறார்கள். மூத்த மகன் சேலத்தில். போன மாதம் ஒரு வியாழக்கிழமை அவன் போன் போட்டான்.

"அங்க சும்மா உக்காந்து என்னம்மா பண்றீங்க? ஞாயித்துக்கெழம காரோட வர்றேன். இங்க மூணாவது மாடிதான், ஆனா லிப்ட் இருக்குது. துணிமணிய எடுத்து வெய்ங்க."

பொங்கலுக்கு நாலு நாள் அங்கே இருந்து பார்த்தவள் நான். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மனிதர்களின் வழுக்கை மட்டும் தெரியும். வாய் முந்திக்கொண்டது.

"வர முடியாது சாமி. எனக்கு வேலை கெடச்சிருக்குது. புள்ளைங்கள பாத்துக்கற வேலை. அரைநாள்."

பொய்தான். ஆனால் அதை மெய்யாக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் பஸ் ஏறி ஏற்காடு போனேன். முதலில் ஒரு மழலையர் பள்ளி. அங்கிருந்த பெண் அனுபவச் சான்றிதழ் கேட்டாள்.

"ஒம்பது பேர வளத்தேனுங்க."

"அதுக்கு லெட்டர் இருக்குங்களா?"

"ஒம்பது பேரும் இருக்காங்க. கூட்டியாரட்டுமா?"

"ஆளுங்க வேண்டாங்க பாட்டி. பேப்பர்தான் வேணும்."

அடுத்தது ஒரு ரிசார்ட். தங்க வருகிறவர்கள் போட்டிங் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போக ஓர் அறை வைத்திருந்தார்கள். மேனேஜருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை.

"சனி, ஞாயிறு காலையில மட்டும் ஆள் வேணுங்க. இந்த ஞாயித்துக்கெழம வாங்க, எப்படின்னு பாக்கலாம். புள்ளைங்க போன் பாக்கக் கூடாது, சரிவுப் பக்கம் போகக் கூடாது. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வந்தால் ரிசார்ட்டுக்கு அனுப்பு என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனேன். நாலு பிள்ளைகள். ஐந்து நிமிடத்தில் நாலும் நாலு திசையில் ஓடின, ஒன்று நேராகச் சரிவுக்கு. இதற்கு நாங்கள் கூலிக்குப் போகும் எஸ்டேட்டில் வழி உண்டு. காப்பிப் பழம் பறிக்கப் போகும்போது, நடக்கப் பழகிய பிள்ளையின் இடுப்பில் பழஞ்சேலையைச் சுற்றி, மறுமுனையை சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிடுவோம். மரத்தைச் சுற்றி விளையாடும், பள்ளத்தில் உருளாது. பிள்ளை பார்க்கும் வேலை என்றதால் நான் இரண்டு பழஞ்சேலை கொண்டுபோயிருந்தேன். நீளவாக்கில் கிழித்தேன். நாலு பிள்ளை, நாலு மரம், நாலு முடிச்சு. ஆளுக்கொரு குச்சி கொடுத்தேன். மண்ணைத் தோண்ட ஆரம்பித்தன. சத்தமே இல்லை.

போட்டிங் முடிந்து வந்த ஓர் அம்மா அலறினாள். "என் குழந்தைய மாடு மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க!"

"மாட்டுக்குக் கயிறுங்க அம்மிணி. புள்ளைக்குச் சேலை."

அவள் அவிழ்க்கப் போனாள். பையன் மரத்தைக் கட்டிக்கொண்டான். "இன்னும் புழு வரல! நான் வரமாட்டேன்!" மற்ற மூன்றும் சேர்ந்து அழுதன. மேனேஜர் ஓடிவந்து, "பாட்டிம்மா, நீங்க கெளம்புங்க" என்றான். சரி, மூன்றாவது மாடிதான் என்று பையை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து மகன் கார் சாவியோடு வந்து நின்றான். பெற்றவளை ஊரான் விரட்டுகிறான் என்றதும் அவனுக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க, எங்கம்மாவையா போகச் சொல்றீங்க? மூணு வயசு வரைக்கும் என்னையும் இப்படித்தான் மரத்துல கட்டிப் போட்டாங்க. எனக்கென்ன கொறைச்சல்? பேங்க்ல ஆபீசரா இருக்கறேன்! இவங்கள உட்டா இந்த மலையில புள்ள பாக்க வேற ஆளு ஏதுங்க?"

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பேங்க்லயா?" என்றாள். பிறகு மேனேஜரிடம், "அடுத்த மாசமும் வருவோம். இவங்க இருப்பாங்களா?"

"இருப்பாங்க மேடம்" என்றான் அவன், கண் இமைக்காமல்.

தான் என்ன பேசினோம் என்பது மகனுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மேனேஜர் பக்கம் திரும்பி, "காப்பிப் பழம் எடுக்கற மாசத்துல மட்டும் வரமாட்டேனுங்க" என்று என் கண்டிஷனைச் சொன்னேன். மகன் தனியாகச் சேலம் இறங்கினான்.

எழுத்துக் கூட்டி இதை நானே எழுதினேன். வாசித்துக் காட்டப் போகிறவள் பேத்தி. கண்ணு, நீ ஒருக்கா வாசி, கேக்கறேன். உன்ற மாமன் வர்ற எடத்துல கொரல எறக்காத.