கார்டு வேண்டாம், புத்தகம் போதும்

இரண்டு வருடம் நான் என் சம்பளத்தைக் கண்ணால் காணவில்லை. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, கொழுந்து பறித்தது நான். சம்பள நாளில் பணத்தை எடுத்தது வேறொருவர். அந்தக் குழியிலிருந்து தேவன் என்னை எப்படித் தூக்கி எடுத்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. வீட்டுக்காரர் மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறார். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

கடன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு என்று எழுதினால் எல்லோரும் பரிதாபப்படுவீர்கள். ஆனால் சாட்சியில் பொய் சொல்லக்கூடாது. மூத்தவள் பெரியபிள்ளையானபோது ஊரைக் கூட்டிச் சடங்கு வைத்தேன். மண்டபம், வீடியோ, மூன்று வகை இறைச்சிக் கறி, மகளுக்கு நாலு தடவை சேலை மாற்றல். அதற்காக என் சம்பளம் விழுகிற வங்கியிலேயே கடன் எடுத்தேன். அந்தத் தவணையைக் கட்ட முடியாமல், ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் வட்டிக்கு வாங்கினேன். கடனைக் கட்டக் கடன் வாங்கும் புத்தியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

முதலாளி நகை கேட்கவில்லை. என் பேங்க் கார்டையும் இரகசிய இலக்கத்தையும் கேட்டார். எங்கள் பக்கத்தில் பலபேர் இப்படிக் கொடுப்பதுண்டு. நானும் கொடுத்தேன். அவர் இலக்கத்தை மறந்துவிடக்கூடாதே என்று கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியும் கொடுத்தேன். அவருடைய மேசை லாச்சியில் எங்களைப் போன்றவர்களின் கார்டுகள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாகக் கிடந்தன. சம்பள நாளில் அவருடைய ஆள் அந்தக் கட்டோடு போய் பண மெஷின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பார். முதலாளிக்கு மனம் வந்ததை எனக்குத் தருவார். ஒரு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தந்தார். அதை வாங்கிக்கொண்டு, "பெரிய உதவிங்க முதலாளி" என்று நன்றியும் சொன்னேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

முதலாளியின் ஆள் முந்திக்கொண்டால் வங்கிக்கு ஒன்றும் மிஞ்சாது. வங்கி முந்திக்கொண்டால் முதலாளி என்னை ஏசுவார். யார் முந்தினாலும் என் வீட்டில் அரிசி இல்லை. கடைசியில், போன வருடம் மார்ச் மாதம், வங்கியிலிருந்து கடிதம் வந்தது. மத்தியஸ்த சபைக்கு வரவேண்டும், அங்கே தீராவிட்டால் நீதிமன்றம் என்று இருந்தது.

அந்த வருடம் பதினோராம் வகுப்பு முடித்துச் சாதாரணதரப் பரீட்சை எழுத இருந்த மூத்தவள் கடிதத்தை வாசித்தாள். "அம்மா, நான் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போறேன். ஆள் கேட்டிருக்காங்க" என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுடைய சடங்குக்காக வாங்கிய கடன் அவளுடைய படிப்பையே விழுங்கப் பார்த்தது.

அன்றிலிருந்து ஜெபித்தேன். ஜெபம் என்பதைவிடச் சண்டை என்றே சொல்லலாம். முதலாளியின் லாச்சி தீப்பிடித்து எரிய வேண்டும் என்று கேட்டேன். வங்கிக் கம்ப்யூட்டரில் என் பெயர் அழிந்துபோக வேண்டும் என்று கேட்டேன். ஒரு லொத்தர் சீட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்து, பரிசு விழ வேண்டும் என்றும் ஜெபித்தேன். பாஸ்டர் ஐயா இதை வாசித்தால் மன்னிக்க வேண்டும். லாச்சி எரியவில்லை. சீட்டும் விழவில்லை.

எங்கள் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபக் குறிப்புகளைத் துண்டில் எழுதிக் கொடுப்போம். நான் வாரா வாரம் "குடும்ப சமாதானம்" என்று எழுதுவேன். அந்த வாரம் மட்டும் என்னவோ, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். பாஸ்டர் ஐயா பெயர் சொல்லாமல் வாசித்தார். "வட்டிக்காரரிடம் கார்டைக் கொடுத்துவிட்டேன், சம்பளம் கைக்கு வருவதில்லை." எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் எழுந்து, "அது நான்தாங்க ஐயா" என்றேன். மானம் போனால் போகட்டும் என்றுதான் எழுந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங் கார்டும் அந்த லாச்சியிலதான் கெடக்கு எஸ்தர்." யார் என்று பார்த்தால் ரோஸ்மேரி! அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருப்பவள். தண்ணீர்க் குழாயில் யார் குடத்தை முதலில் வைப்பது என்ற சண்டையில் ஒரு வருடமாக என்னோடு பேசாதவள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். பாஸ்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இத்தன வாரமா நீங்க எல்லாரும் எழுதுன குடும்ப சமாதானம் இதுதானாம்மா?" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டோம். பிறகு நாலு பேரும் முழங்காலில் நின்றோம். அன்று நான் தீயையும் கேட்கவில்லை, லொத்தரையும் கேட்கவில்லை. "ஆண்டவரே, வழியக் காட்டுங்க, நடக்கிறேன்" என்று மட்டும் கேட்டேன்.

மத்தியஸ்த சபைக்கு ரோஸ்மேரியும் கூட வந்தாள். நான் கேட்டுக்கொண்டதால் முதலாளியையும் அழைத்திருந்தார்கள். மாதம் பதினைந்தாம் தேதிக்குள் வங்கிக்கு ஆறாயிரம், முதலாளிக்கு மூவாயிரம் என்று இணக்கமானது. நான் கையெழுத்து வைக்கப் போனேன். சபையில் இருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். நன்றாகத் தமிழ் பேசுவார், தங்கச்சியை 'நங்கி' என்பது மட்டும் சிங்களத்தில்.

"கொஞ்சம் இருங்க நங்கி. உங்க சம்பளம் எந்தக் கணக்குக்கு வருது?"

சொன்னேன். அவர் வங்கி அதிகாரியைப் பார்த்தார். அந்தக் கணக்கில் பணம் விழுந்தால் பழைய நிலுவைக்குக் கம்ப்யூட்டர் தானாகவே பிடித்துவிடும் என்று அதிகாரியும் ஒத்துக்கொண்டார்.

"அப்ப இவங்க எத வச்சி தவண கட்டுறது? எத வச்சி சாப்பிடுறது?" என்றார் ஆசிரியர். "ஒரு சதம் கூட கடன் இல்லாத பேங்க்ல புதுக் கணக்கு ஒண்ணு தொறங்க நங்கி. சம்பளத்த அங்க மாத்துங்க. ஒளிச்சு செய்ய வேணாம். அதையும் இதுலயே எழுதிக்குவோம்."

எழுதிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதம் நான் கண்ணீர் விட்டுக் கேட்டதற்குப் பதில், சம்பளம் எங்கே வருகிறது என்ற அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

திங்கட்கிழமை நானும் ரோஸ்மேரியும் கொட்டகலைக்குப் போனோம். எங்களில் யாரும் கடன் வாங்காத ஒரு வங்கியாகப் பார்த்து நுழைந்தோம். அங்கிருந்த பிள்ளை மிகவும் அன்பாகப் பேசினாள். "கார்டு போட்டுத் தரவாக்கா? கார்டு எடுத்தா ஒரு குடையும் குடுக்கிறோம். ஆறு மாசம் சம்பளம் ஒழுங்கா வந்தா லோனும் எடுக்கலாம்." வெளியே மழை கொட்டுகிறது. நல்ல பெரிய குடை வேறு. எனக்கு ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்? ரோஸ்மேரி இடுப்பில் கிள்ளினாள்.

"கார்டு வேணாம் தங்கச்சி. புத்தகம் போதும்" என்றேன்.

கார்டு என்றால் என்றைக்காவது ஒருநாள் யார் கையிலாவது கொடுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். புத்தகம் என்றால் நானே நேரில் போய்க் கையெழுத்து வைத்தால்தான் பணம். நனைந்துகொண்டே திரும்பி வந்தோம்.

மறுநாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோட்ட ஆபிசுக்கு ஓடினேன். கிளாக்கர் ஐயா தலையைச் சொறிந்தார். "சம்பள லிஸ்ட் நேத்தே பேங்குக்குப் போயிருச்சே எஸ்தர். இனி அடுத்த மாசந்தான்."

அந்த மாதச் சம்பளம் பழைய கணக்கில் விழுந்தால் முதல் தவணையே தவறும். தவறினால் மகள் கிளம்பிவிடுவாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக்கூட மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள், தங்கச்சிக்கு ஆகும் என்று. மறுநாள், ஆலயத்தில் முழங்காலில் நின்ற நாங்கள் நாலு பேரும் பகல் சோற்றை விட்டு உபவாசம் இருந்தோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "நீங்க காட்டுன வழியிலதானே வந்தேன் ஆண்டவரே, இப்ப என்ன இப்படி நடுவழியில விடுறீங்க?" என்று கேட்டேன். கொழுந்தும் பறித்தேன், கண்ணீரும் விட்டேன்.

அதற்கடுத்த நாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கிளாக்கர் ஐயாவே வந்தார். "எஸ்தர், லிஸ்ட் திரும்பி வந்துருச்சு. யாரோ ஒரு பொம்பளையோட அடையாள அட்டை நம்பர் பிழையாம். முழுசா திரும்ப அனுப்பணும். ஒன்னோட புதுக் கணக்கையும் போட்டுட்டேன்."

நான் கூடையோடு குதித்தேன். கங்காணி, "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்தப் பெண் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் நன்றாயிருக்க வேண்டும். ஒரு பிழையான இலக்கத்தைக்கூட என் தேவன் வீணாக்கவில்லை.

சம்பள நாளில் வங்கிப் பிள்ளை புத்தகத்தை மெஷினுக்குள் விட்டாள். அது கரகரவென்று அச்சடித்தது. புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு மாதச் சம்பளம், முழுதாக, என் பெயரில்! "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். காவல்காரர் எட்டிப் பார்த்தார். பணத்தை எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். கடன் எடுத்த வங்கியில் ஆறாயிரத்தை என் கையால் கட்டி ரசீது வாங்கினேன். முதலாளி மூவாயிரத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டு, "அப்ப இந்தக் கார்ட என்ன செய்யிறது?" என்று கேட்டார். "வச்சிக்கங்க முதலாளி, லாச்சிக்கு அழகா இருக்கும்" என்றேன். இரண்டு வருடத்தில் அவர் முன்னால் நான் சிரித்தது அன்றுதான்.

வீட்டுக்கு அரிசியும் மீனும் வாங்கி வந்தேன். இரண்டு ரசீதையும் மகளின் கையில் கொடுத்தேன். அவள் பைக்குள் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, துவைத்துக் காயப்போட்டாள். பரீட்சையில் நன்றாகச் செய்தாள். இப்போது அதற்கடுத்த உயர்தர வகுப்பில் கணக்கியல் படிக்கிறாள். மாதா மாதம் என் புத்தகத்தைத் தணிக்கை செய்வதும் அவள்தான். தேங்காய் வாங்கினால்கூடக் கேள்வி கேட்கிறாள்.

கடன் இன்னும் முடியவில்லை. பதினொரு தவணை இருக்கிறது. "எல்லாம் தீந்த பொறகு சாட்சி எழுதலாமே" என்றார் வீட்டுக்காரர். பதினொரு மாதம் நன்றியை அடக்கி வைக்க என்னால் ஆகாது. தவணையை மாதாமாதம் கட்டுகிறேன். நன்றியை மட்டும் முன்கூட்டியே முழுதாகச் செலுத்திவிடுகிறேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டு, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு நிற்கிறீர்களா? வெட்கம் போன பிறகுதான் வரவேண்டும் என்றில்லை. வெட்கத்தோடேயே அவரிடம் வாருங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். அவர் வழி காட்டுவார். வங்கிக்குத் தனியாகப் போகப் பயமாயிருந்தால் எங்கள் லயத்துக்கு வந்து எஸ்தர் வீடு எது என்று கேளுங்கள். ஒரு நாள் பேரும் அதற்கான கூலியும் போனாலும் பரவாயில்லை, நான் கூட வருகிறேன்.