நனையாமல் திரும்பி வந்த சட்டை

நான்கு வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. பதுளையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகல சந்தி வரை ஒரு சைக்கிளோட்டப் போட்டி. ஓடியது நானில்லை, என் நண்பன். நான் வெறும் ஆலோசகர். அதுவும் யாரும் கேட்காமலே ஆலோசனை சொல்கிற ரகம்.

இருவரும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து லய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். எனக்குப் பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவனுக்கு அதே தெருவில் ஹாட்வெயார் கடையில். நான் பஸ்ஸில் போய் வருவேன், அவன் சைக்கிளில். காலையில் இறக்கம், சாயங்காலம் முழுக்க ஏற்றம். பஸ் முக்கி முனகி ஏறும் வளைவுகளில் அவனும் விடாமல் பக்கத்திலேயே மிதித்து வருவான். ஜன்னலோரம் இருக்கும் என்னைப் பார்த்து ஒரு நக்கல் சிரிப்பு வேறு. அந்தக் கால்களை நம்பித்தான் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம்.

சைக்கிள் பழையது, அதில் செய்ய ஒன்றுமில்லை. அதனால் நான் உடுப்பில் இறங்கினேன். போனில் வீடியோக்கள் பார்த்துப் பார்த்து, தொளதொளவென்ற சட்டை காற்றைப் பிடித்து ஓட்டுபவனைப் பின்னால் இழுக்கும், உடம்போடு ஒட்டியிருந்தால் காற்று வழுக்கிப் போய்விடும் என்று கற்றுக்கொண்டேன். கடையில் மிஞ்சிக் கிடந்த இழுபடும் துணியை எடுத்து, தெரிந்த டெய்லரிடம் கொடுத்து, தோல் மாதிரி ஒட்டும் உடை ஒன்று தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது லயமே கூடிச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

அவனுடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கொழுந்தெடுப்பவள். மழைக்கும் பனிக்கும் எங்கள் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த தார்ப்பாய்த் துணி இருக்கிறதே, படங்கு, அதில் புதிதாக ஒன்றை வெட்டி, உள்ளே பழைய கம்பளித் துணியை வைத்து, ஒரு மேல்சட்டை கையாலேயே தைத்திருந்தாள். கை மட்டும் வேண்டுமென்றே நீளம். விரல் நுனி வரை மூடும்.

நான் விடவில்லை. சோதித்தே பார்ப்போம் என்றேன். ஒரு வெயில் மத்தியானம், கோயிலுக்கு மேலேயுள்ள இறக்கத்திலிருந்து மிதிக்காமல் சும்மா உருண்டு வரச் சொன்னேன். படங்குச் சட்டையோடு உருண்டவன் கோயில் வளைவு தாண்டியதும் நின்றுவிட்டான். ஒட்டுடுப்போடு அதையும் தாண்டிப் பஸ் தரிப்பிடம் வரை வந்தான். ரோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போட்டு, ஏதோ விஞ்ஞானி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். ஏறும் வரை ஒட்டுடுப்பு. அப்புத்தளை உச்சியில் நான் படங்குச் சட்டையோடு நிற்க வேண்டும். குளிர் அதிகமென்றால் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்குவான். போட்டியன்று காலையில் அவள் சட்டையை மடித்து ஒரு பொலித்தீன் பையில் போட்டு என்னிடம் தந்தாள்.

"மறக்காம போட்டு விடுங்கண்ணே. வேர்வையோட அந்தக் காத்துல எறங்குனா கை வெறைச்சிப் போயிரும். காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போய் நிக்கிறப்போ எங்களுக்கே வெரல் மடங்காது."

சரி என்றேன்.

அப்புத்தளையில் அன்று பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூடுபனி, தூறல், ஆளைத் தள்ளுகிற காற்று. ரோட்டோரம் டவுன் ஆட்கள் நிறையப் பேர். அவரவர் ஓட்டக்காரருக்குக் கொடுக்கக் கடையில் வாங்கிய மெல்லிய மழைச் சட்டைகளைக் கையில் வைத்திருந்தார்கள், பளிச்சென்ற நிறங்களில். பக்கத்தில் நின்றவர் என் பைக்குள் தெரிந்த சட்டையைப் பார்த்துவிட்டு, இது கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கட்டுவதுதானே என்று கேட்டார். கிண்டலாகக்கூட இல்லை, சும்மாதான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்டுவிடாதபடி பேச்சை, நடையை, செருப்பைக்கூட மாற்றிக்கொண்டவன் நான். அந்த மனிதரிடம், இது ஓட்டோ சீட்டுக்குப் போடுகிற உறை என்று சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, அவன் வந்துவிட்டான்.

இரண்டாவதாக வந்தான். உதடு நீலம். ஒட்டுடுப்பு நனைந்து உடம்பில் ஆவி பறந்தது. என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து இடது கையை நீட்டினான். நான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனேன்.

"காத்து புடிக்கும் மச்சான், இப்பிடியே போ!" என்று கத்தினேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை ஹேண்டிலுக்குக் கொண்டு போனான், பனிக்குள் இறங்கிவிட்டான்.

ஓட்டோ பிடித்துப் பின்னால் போனேன். நாலு வளைவு தாண்டவில்லை, கூட்டம். சைக்கிள் ஒரு பக்கம், ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் அவன் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தெடுக்க வந்திருந்த பெண்கள் மேலே மலையிலிருந்து ஓடி வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா தன் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து அவனைச் சுற்றி, அவன் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே கோணிக் கிடந்தது.

"பிரேக் புடிச்சேன் மச்சான். கை வரல" என்றான். பல் கிட்டிப் போய் அதற்கு மேல் பேச முடியவில்லை.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் குளிருல இந்தத் துணியோட அனுப்பியிருக்காங்களே. இவருக்கு வீட்டுல யாரும் இல்லீங்களா?"

என் கையில் பை இருந்தது. அவர் தன் படங்கோடேயே அவனை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, நனைந்த சேலையோடு மலைக்கு ஏறிப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவன் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள், கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், பிறகு என் காலடியில் இருந்த பையைத் திறந்தாள். சட்டை காலையில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினாள். ஒரு சொட்டு ஈரமில்லை.

"போடலையாண்ணே?"

கட்டிலில் இருந்து அவன்தான் பேசினான்.

"அவன் குடுத்தான். நான்தான் வேணாம்னுட்டேன்."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சட்டையை மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

எலும்பு சேர்ந்தது, விரல்களுக்குப் பிடிமானம் வரவில்லை. ஹாட்வெயார் கடையில் சாமான் தூக்க முடியாதவனை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இப்போது தேயிலைத் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். சைக்கிள் லயத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பஸ் அந்த வளைவுகளில் ஏறும்போது நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.

அந்த ஏற்றத்தில் மனிதன் ஊர்கிற வேகத்துக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை, இறக்கத்தில் சைக்கிளை மலையே இழுத்துக்கொண்டு போகும், அங்கே தேவை பிரேக் பிடிக்கும் விரல்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெயில் மத்தியானத்தில் காய்ந்த ரோட்டில் கோடு போட்டவனுக்கு அது தெரியவில்லை. ஆனால் கணக்குப் பிழைத்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் விடவில்லை. அப்புத்தளையில் நான் எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. என்னைத் தோட்டத்தான் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் நினைத்துவிடக் கூடாது என்று மட்டும்தான் பார்த்தேன்.

அந்தச் சட்டையை இப்போது அவள்தான் மழைக் காலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போகிறாள். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரில் வருவாள். "வேலைக்காண்ணே?" என்று கேட்பாள். ஆமாம்மா என்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் வாய் வரை வருகிறது, பஸ்ஸும் வந்துவிடுகிறது, ஏறிக்கொள்கிறேன். அவளிடம் சொல்லாத வரைக்கும், அந்தச் சட்டை இன்னும் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.