மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் துணி

"...ஜன்னலத் தொறந்தா கரி வருது, மூடுனா மூச்சு வரல. நா எங்கிட்டுத்தான் போறது, சொல்லுங்க?" என்றாள் என் மனைவி. மாடிக் கொடியில் முந்தின நாள் கட்டிய வெள்ளைத் துணி அசைந்துகொண்டிருந்தது. ஒரு பொட்டுக் கரி இல்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எழுபதுகளின் கடைசி அது. கோரிப்பாளையத்தில் ஒரு ரைஸ் மில்லில், நெல் அவிக்கிற பாய்லருக்குத் தீப் போடுவது என் வேலை. குடியிருந்ததும் மில்லின் பின்சுவரை ஒட்டி முதலாளி கொடுத்த வீட்டில்தான். பகலெல்லாம் நான் அள்ளிப் போட்ட உமி, கரியாகி என் வீட்டு ஜன்னல் வழியாகவே உள்ளே போகும். மனைவிக்கோ இளைப்பு. பேரையூர்க்காரி. "எங்க ஊருப் புழுதி காலக் கழுவுனாப் போயிரும். இது நெஞ்சுக்குள்ளல்ல குடி வந்துருச்சு" என்பாள். வேலையை விட்டால் வீடும் போகும். வீடு இருக்கிறவரை புகையும் இருக்கும்.

தெருக்காரர்கள் கார்ப்பரேஷனுக்கு மனு எழுதிப் போட்டார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். புகையை அளக்க அவரிடம் கருவி ஏது? மில்லுக்குப் பக்கத்து மாடியில் காலையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போவார். மறுநாள் காலை வந்து கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்து மாடி என்றால் எங்கள் மாடிதான்.

துணி கட்டிய சேதி முதலாளிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? "ஏப்பா, இன்னைக்கு உமியத் தொடாத. காஞ்ச சவுக்குக் கட்டையாப் பாத்துப் போடு" என்றார். போட்டேன். புகை வெளியே தெரியாமல் எரிக்க என்னைவிட யாருக்குத் தெரியும்!

இதில் தெருவும் ஒரு கூத்துப் பண்ணியது. துணி கட்டினால் அன்றைக்குப் புகை இராது என்று பெண்கள் கண்டுகொண்டார்கள். "யக்கா, துணி ஏறிருச்சு, வத்தலப் பிழிங்க!" என்று மாடிக்கு மாடி குரல் போனது. போர்வை, தலையணை உறை, கூழ் வத்தல் எல்லாம் வெயிலுக்கு வந்தன. மனு எழுதியவர் வீட்டு வத்தல்தான் முதலில் காய்ந்தது. மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் துணியைப் பார்த்தார், மாடிகளைப் பார்த்தார். "ஏம்மா, இம்புட்டு வத்தல் காயிற தெருவுல ஏதும்மா புகை?" என்று சிரித்துவிட்டுப் போனார். அவரை என்ன குறை சொல்ல? கண்ணுக்கு முன்னால் தெருவே வெள்ளைவெளேரென்று இருந்தது. அவர் தலை மறைந்ததும் நான் உமிக் கூடையை எடுத்தேன்.

மறுபடியும் மனு, மறுபடியும் துணி. "இந்தத் தடவையும் வெள்ளையா இருந்தா ஃபைல மூடிருவேன். அப்புறம் என்னையக் கூப்பிடாதீங்க" என்று சொல்லித்தான் கட்டினார். மனைவி மாடி மாடியாக ஏறி, இன்றைக்கு மட்டும் எதையும் காயப் போடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

"ஒரே ஒரு நா நல்ல வெயில் கிடைக்கிது மதினி, அதுலயும் மண்ணப் போடாதீக" என்று அடுத்த வீட்டுக்காரி மாவைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

நானும் சவுக்குக் கட்டையைத்தான் போட்டேன். கரி விழுந்தால் மில்லுக்குப் பூட்டு, எங்களுக்குத் தெரு. விழாவிட்டால் அவளுக்கு ஆயுசுக்கும் இதே மூச்சு. அன்று ஒரு நாள் அவள் இருமாமல் தூங்கினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு மறுநாள் காலையில்தான், எங்கிட்டுத்தான் போறது என்று மாடியில் வைத்து என்னைக் கேட்டாள். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

அவள் கொடியிலிருந்து துணியை உருவினாள். மில் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் மாதக்கணக்காகப் படிந்து கிடந்த கரியை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அதனாலேயே அழுத்தித் துடைத்தாள். பிறகு உதறாமல் கொண்டுபோய்க் கொடியில் விரித்து, இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டாள்.