வீராசாமி போட்ட மதிப்பு

பூந்தமல்லியில் வீராசாமி என்று ஒருவர் இருந்தார். எந்தப் பொருளைக் காட்டினாலும் விலை சொல்லிவிடுவார். பெரும்பாலும் தவறாகத்தான் சொல்வார், ஆனால் தயங்காமல் சொல்வார். திருமழிசையிலிருந்து பாடி வரைக்கும் பாகப்பிரிவினை என்றாலும் சீர்வரிசை என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இந்த ஞானம் அவருக்கு வந்த வழி வேடிக்கையானது. பட்டணத்தில் ஓர் ஏலக்கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் அங்கே ஏலத்துக்கு வரும். அவற்றைத் துடைத்து, கூட்டத்துக்குத் தெரியும்படி இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பது வீராசாமியின் வேலை. விலை கூவியவர் வேறு, கேட்டவர்கள் வேறு. இவர் தூக்கிப் பிடித்ததோடு சரி. ஆனால் கடையை மூடியபோது முதலாளியின் கறுப்புக் கோட்டும் ஒரு பூதக்கண்ணாடியும் எப்படியோ இவரோடு பூந்தமல்லிக்கு வந்துவிட்டன. கோட்டுப் போட்டவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னால் யார் மறுப்பார்கள்?

1937ஆம் வருஷம் திருவேற்காட்டுக் கோதண்டம் அவருக்கு ஆள் அனுப்பினார். கோதண்டத்துக்கு நிலம் நிறைய. யோசிக்கிற பழக்கம் கொஞ்சம் குறைவு. அவருடைய அப்பா, பூந்தமல்லிப் பட்டாளத்து பங்களாவில் இருந்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது, ஒரு போனோகிராப்பை வாங்கிப் போட்டிருந்தார். கிராமபோனுக்கும் முந்திய பெட்டி அது. தட்டு கிடையாது. டம்ளர் அளவில் மெழுகு உருளைகள்; அவற்றின்மேல் மயிரிழைக் கோடுகளாகப் பாட்டு கீறியிருக்கும். உருளையை மாட்டிச் சாவி கொடுத்தால் பித்தளைக் குழாய் வழியாகச் சத்தம் வரும். அப்படிப் பதினெட்டு உருளைகள், ஒவ்வொன்றும் தனித்தனி அட்டை டப்பாவில், பரணில் கிடந்தன.

இதைக் கேள்விப்பட்டு ஜானகிராமன் என்ற பட்டணத்து வக்கீல் கடிதம் போட்டிருந்தார். பழைய பாட்டுப் பெட்டிகளைச் சேர்ப்பவர். வெள்ளிக்கிழமை வருவதாகவும், உருளைகளைப் பத்திரமாக வைத்திருக்கும்படியும் எழுதியிருந்தார். வக்கீல் ஏமாற்றிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கோதண்டம் வீராசாமியைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை வீராசாமி வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏலக்கடையில் இப்படி ஒன்று வந்ததே இல்லை. காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு குழாயை விரலால் தட்டி, தூக்கிக் கனம் பார்த்தார்.

"இன்னாண்ணாத்தே, எவ்ளோ பெறும்?" என்றார் கோதண்டம்.

"கொழா சுத்தப் பித்தளை. மரம் நல்லா கீது. நம்பர் தகடு வேற கீது. எரநூறு ரூபாய்க்கு கொறஞ்சி உடாத."

"இந்த மெழுகுக்கு?"

"அது மெழுகுவத்தி மாரி. சும்மா கூடக் குடுக்கறது."

"வக்கீலு அத்தத்தான் பத்திரமா வெக்கச் சொல்லி எழுதிக்கீறாரு."

வீராசாமி ஒரு உருளையை முழுக் கையால் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. கடைசியில் தெரிந்த வேலை ஒன்று அகப்பட்டுவிட்டது.

"இத்தையா அவருக்குக் காட்டுவே? கிருஷ்ணாயிலும் துணியும் கொண்டா. ஏலக்கடைல எது வந்தாலும் மொதல்ல தொடச்சிப் பளபளன்னு ஆக்கிடுவோம். அப்பத்தான் வெல ஏறும்."

மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த குப்பம்மா இதைக் கேட்டு நிமிர்ந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். சின்ன வயதில் அதே துரையின் பங்களாவில் பெருக்கித் துடைத்தவள்.

"ஆண்டே, அத்த அப்பிடித் தொடக்கூடாது. தொர ரெண்டு வெரல உள்ள உட்டுத்தான் எடுப்பாரு. மேல துணி பட்டாலே எங்கள அடிக்க வருவாரு."

"சாணி அள்றவ மிசினுக்கு மதிப்பு சொல்ல வந்துட்டா," என்றார் வீராசாமி. "போயி மாட்டப் பாரு."

கோதண்டம் சிரித்தார். குப்பம்மா இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தாள். கோதண்டம் கையை ஓங்கியதும் கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள். மத்தியானத்துக்குள் பதினெட்டு உருளைகளும் மண்ணெண்ணெயில் குளித்து, எண்ணெய் தடவிய தலை மாதிரி மின்னின.

மறுநாள் வக்கீல் வந்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு உருளையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். ஐந்தாவதற்குப் பிறகு அவர் கை நின்றுவிட்டது.

"இதை எதால துடைச்சீங்க?"

"கிருஷ்ணாயில் சார்," என்றார் வீராசாமி பெருமையாக. "என் கையால தொடச்சேன்."

வக்கீல் ஒன்றை மாட்டிச் சாவி கொடுத்தார். சூடான கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் மட்டும் வந்தது.

"மெஷின் என்கிட்ட ரெண்டு இருக்கு," என்றார். "நான் வந்தது உருளைக்காக. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கத்துல வாசிச்சவங்களையும் பாடினவங்களையும் அந்தத் துரை இதுல பதிவு பண்ணியிருக்கார். இதுக்கு நகல் கிடையாது. மண்ணெண்ணெய் பட்டா மெழுகு கரைஞ்சிடும். எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க."

"பளபளப்புல வெல ஏறித்தான் கீது சார்," என்றார் வீராசாமி.

வக்கீல் டப்பாக்களை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். டப்பா மூடிகளில் பென்சிலால் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். "ஏழு. மதுரைவீரன், பறை."

"அது எங்க நைனா," என்றாள் குப்பம்மா கொட்டகையிலிருந்து.

வக்கீல் திரும்பினார். "நீ கேட்டிருக்கியாம்மா?"

"ஒரு தபா. தொர போட்டுக் காட்டுனாரு. நைனாவுக்கே அது புடிக்கல. கை தப்பிப்போச்சி, இன்னொரு தபா அடிக்கறேன்னு சொல்லிகினே இருந்தாரு. தொர உடல."

வக்கீல் கொட்டகைக்குப் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். மூடிகளைப் படிக்கப் படிக்க, குப்பம்மா ஆளையும் தெருவையும் அடையாளம் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். உருளைகள் போனதைவிட, வீட்டுக்கு வந்த வக்கீல் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்ததுதான் கோதண்டத்துக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. ஒரு மணி நேரம் கழித்து வக்கீல் டப்பா மூடிகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வருஷமே குழாயைப் பாத்திரக்காரன் எடைக்கு எடுத்துக்கொண்டான்.

வீராசாமி அன்று நடந்தே வீடு திரும்பினார். பாதி வழி வரைக்கும் பயமாக இருந்தது, யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று. பூந்தமல்லி கடைத்தெரு வந்தபோது பதில் கிடைத்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

"பட்டணத்துல இருந்து ஒரு வக்கீலு வந்தான் மாமே. பித்தளக் கொழாய உட்டுட்டு அட்ட மூடிய வாங்கிகினு போறான். படிச்சவனுக்கு மதிப்பு தெரியுதா பாரு."

கேட்டவர்கள் வக்கீலை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த தையில் பாடியில் ஒரு பெரிய வீட்டில் பாகம் பிரித்தார்கள். சாமான்களுக்கு மதிப்புப் போட நல்ல ஆளாக ஒருவரைச் சொல்லும்படி கோதண்டத்தைக் கேட்டார்கள். அவர் வீராசாமியின் பெயரைச் சொன்னார்.